பயிர்க்காவல் துப்பாக்கியும் லைசென்ஸும்

மலையடிவாரத்துக் கிராமங்களில் நிலக்கடலையும் மரவள்ளியும் முற்றிவரும் பருவத்தில் குடியானவர்களுக்கு இரவில் உறக்கம் என்பது கிடையாது. ஐந்தாறு காட்டுப்பன்றிகள் ஓர் இரவு இறங்கிவிட்டால், மூன்று நான்கு மாதம் பாடுபட்டு வளர்த்த பயிர் பொழுது விடிவதற்குள் புழுதியாகிவிடுகின்றது. பன்றி தின்பதைக் காட்டிலும் கிளறிப் பாழாக்குவதே அதிகம். பரண் கட்டிக் காவலிருத்தல், தகரம் தட்டுதல், தீப்பந்தம் கொளுத்துதல், கவண் கல் எறிதல் முதலியவை தொன்றுதொட்டு வரும் முறைகளே. தினைப்புனங் காத்த மகளிர் தட்டை, குளிர், கவண் என்னுங் கருவிகளைக் கொண்டு கிளியோட்டியதைச் சங்கநூல்கள் கூறுகின்றன. ஆனால் கிளிக்கு அஞ்சிய காலத்துக் கருவிகள் பன்றிக் கூட்டத்துக்கு நெடுநாள் பயன்படுவதில்லை. ஓரிரு வாரத்தில் அது தகரத்தின் ஓசைக்குப் பழகிப்போய்விடுகின்றது. அப்பொழுது குடியானவன் மனத்தில், கையில் ஒரு துப்பாக்கி இருக்குமாயின் என்னும் எண்ணம் உண்டாவது இயல்பே.

அவ்வெண்ணம் உண்டானபின் சிலர் செய்வது யாதெனில், தெரிந்த கொல்லனிடம் இரகசியமாகச் சொல்லி ஒரு நாட்டுத் துப்பாக்கி செய்துகொள்வது. இன்னுஞ் சிலர் வேலிக் கம்பியில் மின்சாரத்தைப் பாய்ச்சுகின்றனர்; வேறு சிலர் அவுட்டுக்காய் என்னும் வெடியைத் தீனியில் மறைத்து வைக்கின்றனர். இம்மூன்றும் குற்றங்கள். மின்வேலியில் பன்றியோடு யானையும் மாண்டிருக்கின்றது. அடுத்த காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் மாண்டிருக்கின்றனர். அவுட்டுக்காயைக் கடித்த கறவை மாடு வாய் சிதறிப் பட்டினியால் சாகின்றது. கள்ளத் துப்பாக்கியோ, பிடிபட்டால் சிறை. பிடிபடாவிட்டால், நீர்க்குழாயை அறுத்துச் செய்த அதன் குழல் ஒருநாள் வெடித்துச் சுடுபவனுடைய கண்ணையோ கையையோ வாங்கிவிடும். ஆகையால், துப்பாக்கி வேண்டுமென்று மெய்யாகவே கருதும் விவசாயி சட்டம் எதனை அனுமதிக்கின்றது, எதனை அனுமதிக்கவில்லை என்பதை முன்னதாக அறிந்துகொள்ளுதல் அவசியம்.

சட்டத்தின் வரலாறு

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு லைசென்ஸ் அவசியமென்று நாடு முழுமைக்கும் கண்டிப்பாக விதித்தது லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபொழுது நிறைவேறிய 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். இந்நாட்டுக் குடிகளை ஒருவாறாகவும் ஐரோப்பியரை வேறொருவாறாகவும் அது நடத்திற்று. 1887-ம் வருஷம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே இதனைக் குறித்துக் கண்டனந் தெரிவிக்கப்பட்டது. சுதந்தரத்துக்குப் பின் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி அமுலுக்கு வந்தது. அதன்கீழ் இப்பொழுது வழங்கும் விதிகள் 2016-ம் வருஷத்தவை. 2019-ம் வருஷம் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. அதற்குமுன் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. மூன்று வருஷமாக இருந்த லைசென்ஸின் ஆயுள் ஐந்து வருஷமாயிற்று.

எந்தக் காரணம் செல்லும்

துப்பாக்கி கேட்பவர் காரணம் சொல்லவேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் உள்ள விதியே. எனினும் எக்காரணம் ஏற்கத்தக்கது என்பதில் நாட்டுக்கு நாடு வேற்றுமையுண்டு. ஆஸ்திரேலியாவில் 1996-ம் வருஷம் ஏப்ரல் 28-ம் தேதி டாஸ்மேனியாத் தீவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டதில் 35 பேர் மாண்டனர். அதன்பின் அந்நாட்டு ராஜ்யங்கள் யாவும் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, விவசாயமும் கால்நடை வளர்ப்பும் துப்பாக்கிக்குத் தக்க காரணங்கள். தற்காப்பு என்பது காரணமாகாது. இந்தியச் சட்டமோ தற்காப்பையும் காரணமாக ஏற்கின்றது. பயிர்க்காவலைத் தனியாகப் பெயர் சொல்லியே ஏற்கின்றது. விவசாயி கவனிக்கவேண்டிய பிரிவு இதுதான்.

சட்டத்தின் 13-வது பிரிவு சொல்வதன் சாரம் வருமாறு: மெய்யாகவே பயிரைக் காக்கும்பொருட்டு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றுக்கு இந்தியப் பிரஜை ஒருவர் மனுச் செய்தால், வேறு தடையொன்றும் இல்லாதவிடத்து லைசென்ஸ் கொடுக்கப்படவேண்டும். அத்தகைய துப்பாக்கி அவ்விடத்துப் பயிர்க்காவலுக்குப் போதாதென்று அதிகாரிக்குத் திருப்தியேற்பட்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாததும் உட்புறம் வரி வெட்டப்படாததுமான தோட்டாத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் அளிக்கலாம். இதே வகைத் துப்பாக்கியைத் தற்காப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ கேட்பவருக்கும் கொடுக்க இடமுண்டு. விளையாட்டு என்பது குறிபார்த்துச் சுடும் பயிற்சியேயன்றி வேட்டையன்று. விளையாட்டு வேட்டை இந்நாட்டில் 1991-ம் வருஷத்துத் திருத்தத்தோடு முற்றும் ஒழிந்தது. ரைபிள், ரிவால்வர், பிஸ்டல் முதலியவற்றைக் கேட்பவர் அவற்றுக்குத் தக்க காரணம் உண்டென்று அதிகாரிக்குத் திருப்தியேற்படுத்தவேண்டும். பயிர்க்காவலுக்கு ரிவால்வர் வேண்டுமென்று மனு எழுதுபவர் தம் மனுவைத் தாமே கெடுத்துக்கொள்பவராவார்.

வரி வெட்டாத குழலையே சட்டம் விரும்புவதற்குத் தக்க நியாயமுண்டு. ரைபிளின் குழலுக்குள் வெட்டப்பட்ட வரிகள் குண்டைச் சுழற்றி நெடுந்தூரம் செலுத்துகின்றன. மிகச் சிறிய ரகமான பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிளின் குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் செல்லவல்லது. சமவெளியில் தோட்டத்துக்குத் தோட்டம் வீடிருக்கும் ஊரில் அது பேராபத்து. வரியில்லாத குழலிலிருந்து புறப்படும் ரவைகள் சுமார் 40 கஜத்துக்கு அப்பால் பரந்து வேகங் குன்றிவிடுகின்றன. பயிர்க்காவலுக்கு இத்தூரம் போதும். பன்னிரண்டு போர் என்று வழங்கும் துப்பாக்கியின் பெயரைப் பலர் குழலின் அளவென்று எண்ணுகின்றனர். குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறை நிற்கும் என்பதே அவ்வெண்ணின் பொருள்.

காற்றுத் துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதும், அல்லது 20 ஜூலுக்கு மேற்பட்ட வேகவலிமை உடையதுமான காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும். அதற்குக் குறைந்தவற்றுக்கு வேண்டுவதில்லை. ஆயினும் அதனைக் கொண்டு கிளி, மயில் முதலியவற்றைச் சுடலாமென்பதில்லை. அது வேறு சட்டத்தைப் பொறுத்த விஷயம், பின்னர்க் கூறப்படும்.

யாருக்குக் கிடையாது

21 வயது நிரம்பாதவர், சித்தசுவாதீனம் இல்லாதவர், பலாத்காரக் குற்றத்துக்காகவோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ சிறைத் தண்டனையடைந்து அது முடிந்து ஐந்து வருஷம் கழியாதவர், சமாதானத்தைக் காக்கவும் நன்னடத்தைக்காகவும் ஜாமீன் எழுதிக் கொடுத்து அதன் தவணை தீராதவர் ஆகிய இவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. கடைசியாகக் கூறிய தடையைக் குடியானவர்கள் விசேஷமாக நினைவில் வைக்கவேண்டும். வரப்புச் சண்டையும் வாய்க்கால் சண்டையும் முற்றிப் போலீஸார் இருதிறத்தாரிடமும் ஜாமீன் வாங்குவது கிராமங்களில் சாதாரணமாக நடப்பது. அத்தவணைக்குள் துப்பாக்கிக்கு மனுச் செய்வது வீண்.

சொத்துக் குறைவு ஒரு தடையன்று. போதிய சொத்தில்லை என்னும் ஒரே காரணத்தால் லைசென்ஸை மறுக்கலாகாது என்று சட்டத்தின் 14-வது பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது. இரண்டு ஏக்கர் புன்செய் உடையவரும் இருபது ஏக்கர் தோட்டம் உடையவரும் இவ்விஷயத்தில் சமமே. துப்பாக்கி பெரிய மிராசுதார்களுக்கே உரியதென்று எண்ணிச் சிறு விவசாயிகள் மனுவே செய்யாதிருப்பது அறியாமை. பொது அமைதிக்குப் பங்கம் உண்டாகும் என்று கருதினால் அதிகாரி மறுக்கலாம். மறுப்பதற்குரிய காரணத்தை அவர் எழுதிவைக்கவேண்டும். மறுக்கப்பட்டவர் விதிகளில் குறித்த நாட்களுக்குள் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்துகொள்ளலாம்.

மனுச் செய்யும் விதம்

ஜில்லாக்களில் லைசென்ஸ் அளிப்பவர் ஜில்லா மாஜிஸ்டிரேட்டாகிய கலெக்டர். போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் அவர். குறித்த படிவத்தில் மனு எழுதி, புகைப்படங்கள், வயதுக்கும் வசிப்பிடத்துக்கும் அத்தாட்சி, துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாக ஓர் உறுதிமொழி, மனத்தெளிவும் உடல்நலமும் உடையவர், போதைப் பழக்கத்துக்கு அடிமையல்லர் என்று டாக்டர் எழுதிய சான்று ஆகியவற்றைச் சேர்க்கவேண்டும். துப்பாக்கியைக் கையாளுவதில் பாதுகாப்புப் பயிற்சி பெறுவதையும் 2016-ம் வருஷத்து விதிகள் வற்புறுத்துகின்றன.

பயிர்க்காவலுக்கென மனுச் செய்பவர் எந்தக் கிராமத்தில் எவ்வளவு நிலம் சாகுபடியில் இருக்கின்றது, எந்தப் பிராணியால் சேதம் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். சிட்டா, அடங்கல் நகல்களை வைத்துக்கொள்வது நலம். முன்பு பயிர்ச்சேதம் நேர்ந்தபொழுது கிராம நிர்வாக அலுவலரிடமோ வனச்சரகரிடமோ எழுத்து மூலமாகத் தெரிவித்திருந்தால் அதன் நகலைப்போல் வலிமையுள்ள அத்தாட்சி வேறில்லை. வாயால் சொல்லிவிட்டு வந்ததற்குச் சாட்சியில்லை. சேதம் நேர்ந்த மறுநாளே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளும் வழக்கம் நம் விவசாயிகளிடம் இல்லாதது பெருங்குறை. அதே கடிதம் நஷ்டஈடு கேட்பதற்கும் பயன்படும்.

மனுவைப் பெற்ற அதிகாரி, மனுதாரர் வசிக்கும் இடத்துக்கு அடுத்த போலீஸ் நிலைய அதிகாரியிடம் அறிக்கை கேட்கின்றார். அவர் விசாரித்து, நடத்தை எத்தன்மையது, வழக்குகள் உளவா, சொன்ன காரணம் மெய்யா என்று எழுதியனுப்புகின்றார். அறிக்கை குறித்த காலத்துக்குள் வரவில்லையென்றால் அதற்காக மேலும் காத்திராமலே உத்தரவு பிறப்பிக்கவும் லைசென்ஸ் அதிகாரிக்கு அதிகாரமுண்டு. கொடுக்கப்பட்ட லைசென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண் இடப்பட்டு, தேசமனைத்துக்கும் பொதுவான பதிவில் சேர்க்கப்படுகின்றது. பழைய லைசென்ஸ் புத்தகத்தில் இவ்வெண் இல்லாதவர்கள் கலெக்டர் ஆபீஸில் விசாரித்துக்கொள்ளவேண்டும்.

சரணாலயத்தை அடுத்த கிராமங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், தலைமை வன உயிரினக் காப்பாளருடைய முன்சம்மதம் இல்லாமல் புதிய லைசென்ஸ் கொடுக்கலாகாது. அவ்வெல்லைக்குள் முன்பே துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அவரிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு பக்கத்து விவசாயிகள் இதனை அறியாமல் மனுவை அனுப்பிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை.

சரணாலயம் என்றவுடன் விவசாயத்துக்கு விரோதமென்று நினைப்பாருளர். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்கார சோல்ஜர்கள் பறவைகளைச் சுட்டபொழுது, கலெக்டரிடம் சென்று முறையிட்டு 1798-ம் வருஷம் பாதுகாப்பு உத்தரவு பெற்றவர்கள் அவ்வூர்க் குடியானவர்களே. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமென்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தனர்.

லைசென்ஸ் துப்பாக்கிக்கு, பிராணிக்கன்று

பலர் தவறிவிழும் இடம் இதுவே. பயிர்க்காவல் லைசென்ஸ் கையிலிருந்தால் பயிரை மேயவரும் பிராணியைச் சுடலாமென்று எண்ணுகின்றனர். ஆயுதச் சட்டம் துப்பாக்கியை வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றது. பிராணியைக் கொல்லலாமா என்பதை நிச்சயிப்பது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கியால் அனுமதியின்றி ஒரு பன்றியைச் சுட்டாலும் அது வேட்டைக் குற்றமே. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் சுட்டால் குற்றங்கள் இரண்டாகின்றன. பன்றியோடு லைசென்ஸும் போய்விடும்.

அச்சட்டத்தின் அட்டவணைகள் 2022-ம் வருஷத்துத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்டு 2023-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தன. யானை, சிறுத்தை, காட்டெருமை, மயில் முதலியவை முதல் அட்டவணையைச் சேர்ந்தவை. இவை பயிரை அழித்தன என்பதற்காகக் கொல்ல யாருக்கும் உத்தரவு கிடைக்காது. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. இவ்வட்டவணைப் பிராணி மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உட்பட்ட சொத்துக்கோ அபாயமாகிவிட்டதென்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கண்டால், காரணத்தை எழுதி அதனைக் கொல்ல உத்தரவிடலாம். அவ்வாறு கொல்லப்பட்ட பிராணி சர்க்காருடைய சொத்து. இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்வது திருட்டுக்குச் சமானம். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்த கொலை மட்டும் குற்றமாகாது.

குறிப்பிட்ட பிரதேசத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு பிராணியைத் தீங்கு செய்யும் பிராணியென்று மத்திய சர்க்கார் விளம்பரப்படுத்தவும் சட்டத்தில் இடமுண்டு. பீகாரில் நீலப்பசுவை 2015-ம் வருஷமும், உத்தராகண்டில் காட்டுப்பன்றியை 2016-ம் வருஷமும் அவ்வாறு விளம்பரப்படுத்தினர். கேரள ராஜ்யத்தில் வேறொரு வழி கைக்கொள்ளப்பட்டது. அங்கே 2022-ம் வருஷம் மே மாதம் முதல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர் முதலிய ஸ்தல ஸ்தாபனத் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டது. சுடுபவர் லைசென்ஸ் உடையவராக இருக்கவேண்டும். விஷம், வெடி, மின்சாரம் ஆகியவை கூடா.

தமிழ்நாட்டில் 2025-ம் வருஷம் ஜனவரியில் வெளியான ஏற்பாடு இன்னும் எச்சரிக்கையானது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதியில்லை. ஒன்றிலிருந்து 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கப்பாற்பட்ட ஊர்களிலேயே சுடலாம். அங்கும் சுடுபவர்கள் வனத்துறையைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள்; விவசாயியல்லர். காட்டை ஒட்டியே சாகுபடி செய்பவருக்குச் சேதம் அதிகம், ஆறுதலோ குறைவு என்னும் முறையீடு இதில் எழுந்தது நியாயமே. ஆயினும் உத்தரவு அவ்வாறிருக்கும் வரையில் இங்குள்ள பயிர்க்காவல் துப்பாக்கியின் வேலை பெரும்பாலும் வெற்று வெடியின் ஓசையால் பன்றியை வெருட்டுவதும், தற்காப்புமேயாகும். இவ்வளவே பயனென்றால் துப்பாக்கி அவசியந்தானா என்று விலை கொடுக்குமுன் கணக்குப் பார்த்துக்கொள்வது விவேகம். சிறு நிலத்துக்கு அகழியோ, விதிகள் அனுமதிக்கும் முறையில் அமைத்த சூரியசக்தி வேலியோ மலிவாக முடியலாம்.

லைசென்ஸே வேண்டாத குடியானவர்களும் இந்தியாவில் இருக்கின்றனர். குடகு நாட்டில் கொடவ வகுப்பினருக்கும் ஜம்மா நிலமுடையவர்களுக்கும் வேட்டைத் துப்பாக்கி, ரைபிள் விஷயத்தில் விலக்குரிமை நெடுங்காலமாக உண்டு. ரிவால்வர், பிஸ்டல்களுக்கு இது செல்லாது. 2019-ம் வருஷம் மத்திய சர்க்கார் இதனைப் பத்து வருஷத்துக்கு நீடித்தது. 2021-ல் கர்நாடக ஹைகோர்ட்டும் ஒப்புக்கொண்டது. கைல்பொள்து என்னும் பண்டிகையில் அவர்கள் துப்பாக்கியைப் பூஜித்துவருகின்றனர். ஆயினும் வன உயிரினச் சட்டத்திலிருந்து அவர்களுக்கும் விலக்கில்லை.

வைத்துக்கொள்ளும் முறை

வீட்டில் துப்பாக்கியைத் தோட்டாவின்றிப் பூட்டிவைக்கவேண்டும். தோட்டாவும் மருந்தும் வேறிடத்தில் பூட்டப்படவேண்டும். கெட்டித்த நாட்டுத் துப்பாக்கியை மறந்து மறுபடி கெட்டிப்பதால் குழல் வெடித்த விபத்துக்கள் உண்டு. கெட்டித்ததோ என்பதைக் கெட்டிக்கோலைக் குழலுக்குள் விட்டு அளந்து பார்த்தே அறியவேண்டும். இருளில் அசைந்ததெல்லாம் பன்றியன்று. மடை திருப்ப வந்தவனையும், கொல்லைக்குப் போனவனையும் பன்றியென்று எண்ணிச் சுட்டுவிட்டு ஆயுள் முழுதும் வருந்துபவர்கள் உளர். உருவம் தெளிவாகத் தெரியாத வரையில் விசையில் விரல் வைக்கலாகாது. பொதுவிடங்களில் உறைக்குள் மூடியே கொண்டுசெல்லவேண்டும். கலியாணத்திலும் திருவிழாவிலும் கோலாகலத்துக்காகச் சுடுதலுக்கு 2019-ம் வருஷத்துத் திருத்தப்படி இரண்டு வருஷம் வரை சிறையோ, லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

தேர்தல் சமயங்களில் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். அது அறுவடைக் காலத்தோடு சேர்ந்துவிட்டால் பயிருக்குக் காவலில்லாமற் போகின்றதென்பது மெய். தம் நிலைமையைக் கூறி விலக்குக் கேட்க விரும்புபவர்கள், அதற்கென ஜில்லாவில் அமைக்கப்படும் குழுவுக்கு முன்னதாகவே எழுதிக்கொள்ளலாம். விலக்குக் கிடைக்கும் வரையில் ஒப்படைத்து ரசீது பெறுவதே முறை. புதுப்பிக்கும் மனுவைத் தவணை முடிவதற்கு இரண்டு மாதம் முன்னரே கொடுத்துவிடவேண்டும்.

லைசென்ஸ்தாரர் இறந்தபின் நேரும் குழப்பமே கிராமங்களில் அதிகம். பாட்டனார் வைத்திருந்த துப்பாக்கி பரணில் கிடக்கும். லைசென்ஸ் அவரோடு முடிந்தது என்பதை வீட்டார் நினைப்பதில்லை. பிறகொருநாள் சோதனையில் அகப்பட்டால், அதனைத் தொட்டும் பாராத பேரன் குற்றவாளியாகின்றான். இறந்தவுடன் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுகளில் ஒருவர் தம் பெயருக்கு மனுச் செய்யவேண்டும். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிரம்பினாலும், துப்பாக்கியை அவர் 25 வருஷம் வைத்திருந்தாலும், உயிரோடிருக்கும்பொழுதே வாரிசின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க 2016-ம் வருஷத்து விதிகளில் இடமுண்டு. மகன் மகளேயன்றி, மனைவி, கணவர், தாய் தந்தையர், மருமகன், மருமகள், உடன்பிறந்தார், பேரப்பிள்ளைகள் ஆகியோரும் இதற்கு வாரிசுகளாகக் கொள்ளப்படுகின்றனர். துப்பாக்கி வேண்டாமென்று கருதும் குடும்பத்தார், ஒப்படைத்த ரசீதைப் பத்திரப்படுத்தி, கலெக்டர் ஆபீஸுக்கு லைசென்ஸ் புத்தகத்தைத் திருப்பியனுப்பிவிடுவது போதுமானது.